வேல்ஸ் எல்லைக் கோட்டைகள்: பார்க்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பன்னிரண்டு வருடமாக ஹியர்ஃபோர்டில் இருக்கிறேன். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவே உள்ள எல்லைச் சீமையில் இது ஒரு சின்ன நகரம். பர்மிங்ஹாம், பிரிஸ்டல் பக்கமிருந்து நண்பர்கள் வருவார்கள். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாக்கள் வருவார்கள். வருவதற்கு முன்னால் எல்லோரும் போனில் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"வெல்ஷ் மார்ச்சஸ்னு சொல்றாங்களே, அது எங்க இருக்கு? வேல்ஸ்லயா, இங்கிலாந்துலயா?"

இரண்டிலும் இருக்கிறது. வடக்கே செஸ்டரிலிருந்து தெற்கே செப்ஸ்டோ வரை, எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள நிலத்துக்கு அந்தப் பெயர். இங்கிலாந்துப் பக்கம் ஷ்ராப்ஷயர், ஹியர்ஃபோர்ட்ஷயர். வேல்ஸ் பக்கம் பவிஸ், மன்மத்ஷயர். வரைபடத்தில் மார்ச்சஸ் என்று கோடு போட்டுக் காட்டியிருக்க மாட்டார்கள். வழக்கில் உள்ள பெயர் அது.

மார்ச் என்றால் எல்லை. மாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் 'சீமை' என்ற சொல்லை நினைத்துக்கொண்டால் சட்டென்று புரியும். எல்லை என்ற பொருளில் வந்த சொல், பிறகு அந்த எல்லைக்கு உட்பட்ட நாட்டுக்கே பெயராகி, சிவகங்கைச் சீமை என்று சொல்கிறோம் அல்லவா, அதே மாதிரிதான்.

"எல்லையைத் தாண்டும்போது பாஸ்போர்ட் காட்டணுமா? எங்க விசா செல்லுமா?"

வேண்டாம். பிரிட்டன் விசா ஒன்றே இரண்டுக்கும் செல்லும். சோதனைச்சாவடி எதுவும் கிடையாது. சாலைப் பலகையில் இரண்டு மொழி வந்துவிட்டால் வேல்ஸுக்குள் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். சாலையில் 'அராவ்' என்று எழுதியிருக்கும். மெதுவாகப் போ என்று பொருள். 'காஸ்டெல்' என்று பலகை இருந்தால் அது கோட்டை.

"அது சரி, இந்தப் பக்கம் மட்டும் ஏன் இத்தனை கோட்டை?"

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். வேல்ஸ் அவர்கள் கைக்கு வரவில்லை. அதனால் முதலாம் வில்லியம் எல்லையில் மூன்று பெரிய பிரபுக்களை நிறுத்தினார்: செஸ்டர், ஷ்ரூஸ்பரி, ஹியர்ஃபோர்ட். அவர்களும் அவர்களுக்குக் கீழிருந்தவர்களும் மேற்கே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, பிடித்த நிலத்திலெல்லாம் ஒரு கோட்டை போட்டார்கள். முதலில் மண்ணைக் குவித்து மேடாக்கி, மேலே மரத்தால் ஒரு கோபுரம். கையில் பணம் சேர்ந்த பிறகு கல்.

இந்தப் பிரபுக்களுக்கு இங்கிலாந்தின் மற்றப் பிரபுக்களுக்கு இல்லாத அதிகாரம் இருந்தது. தங்கள் நிலத்தில் தாங்களே நீதி சொல்லலாம், தாங்களே போர் தொடுக்கலாம், அரசர் அனுமதி இல்லாமல் கோட்டை கட்டலாம். அரசரின் சட்டம் அங்கே செல்லாது. 1282–83-இல் முதலாம் எட்வர்ட் வேல்ஸ் முழுவதையும் வென்ற பிறகும் இந்த ஏற்பாடு நீடித்தது. எட்டாம் ஹென்றி காலத்தில், 1536-இல் வந்த சட்டம்தான் இதற்கு முடிவு கட்டியது. ஏறக்குறைய 470 வருடம் தனித்தனிக் குறுநிலங்களாக இருந்த பூமி. ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒரு கோட்டை நிற்பதற்குக் காரணம் அதுதான்.

ஒன்றை மறக்க வேண்டாம். இவை பெரும்பாலும் வந்தேறிய பிரபுக்கள் அடுத்தவர் மண்ணில் கட்டியவை. கோட்டையின் அழகில் மயங்கி நிற்கும்போது எனக்கே அது மறந்துபோகும்.

"போட்டோவுல பார்த்தா எல்லாம் இடிஞ்சு கிடக்கே. அதுல என்ன இருக்கு பார்க்க?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. என் அம்மாவும் முதல் தடவை இதையேதான் கேட்டார். அரண்மனை என்று எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். கூரை இருக்காது, தரை இருக்காது, மேலே வானம் தெரியும். ஆனால் சுவரை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துவிட்டால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

அண்ணாந்து பாருங்கள். சுவரில் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே, அந்தரத்தில் ஒரு கணப்பு தொங்கும். அங்கே ஒரு மாடி இருந்திருக்கிறது, குளிருக்கு அங்கே நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். அதே மட்டத்தில் வரிசையாகச் சதுரக் குழிகள் தெரியும். தரை தாங்கிய உத்தரங்களைச் சொருகிய இடம். ஜன்னலுக்கு உள்பக்கம் இரண்டு கல் இருக்கைகள் எதிரெதிரே இருந்தால் அது வசதியானவர்கள் இருந்த அறை. வெளிச்சத்துக்காக அங்கே உட்கார்ந்து தைத்திருப்பார்கள், பேசியிருப்பார்கள். வாயிலின் இரு பக்கமும் சுவரில் மேலிருந்து கீழே ஒரு நீண்ட பள்ளம் ஓடும். விரலை வைத்துப் பாருங்கள். இரும்பு முனை வைத்த கிராதி அந்தப் பள்ளத்தில்தான் மேலும் கீழும் இறங்கியது. மதில் வெளிப்புறத்தில் துருத்திக்கொண்டு, அடியில் ஓட்டையோடு ஒரு சின்ன அறை இருந்தால் அது கழிப்பறை. பிள்ளைகளுக்கு இதைக் காட்டிவிட்டால் அடுத்த கோட்டையில் அவர்களே தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

செப்ஸ்டோவில் ஒன்று சொல்கிறேன். வை ஆற்றுப் பாறையின் விளிம்பில் 1067-இல் தொடங்கிய கோட்டை. அங்கே உள்ள பெரிய கோபுரத்தின் சுவரில் சிவப்பாக ஒரு பட்டை ஓடும். ரோமானியர் விட்டுப்போன செங்கல். பக்கத்தில் கேர்வென்ட் என்ற பழைய ரோம ஊர் இருக்கிறது. அங்கிருந்து எடுத்து வந்திருப்பார்கள் என்கிறார்கள். உள்ளே ஒரு ஜோடி மரக்கதவு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில் 1190-க்கு முன்னால் செய்தது என்று தெரிந்தது. ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் கோட்டைக் கதவுகளில் இதுதான் பழையது. 1962 வரை வாயிலிலேயே மாட்டியிருந்தது. வெளியே இரும்புத் தகடு, உள்ளே கட்டம் கட்டமாகச் சட்டம். முன்னால் நின்று பார்த்தால் எண்ணூறு வருடம் என்பது வெறும் எண்ணாக இருக்காது.

"யாரு இதையெல்லாம் இடிச்சாங்க? காலத்தால விழுந்ததா?"

சிலது காலத்தால். கூரை ஈயத்தை விற்றுவிட்டார்கள், கல்லை ஊர்க்காரர்கள் வீடு கட்ட எடுத்துப்போனார்கள், மழை பார்த்துக்கொண்டது. ஆனால் பெரிய கோட்டைகள் பலவற்றை வேண்டுமென்றே உடைத்தார்கள். 1640-களில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர். அரசர் பக்கம் நின்ற கோட்டைகளைப் பிடித்த பிறகு, இனி யாரும் உள்ளே ஒளிந்துகொண்டு சண்டை போடக்கூடாது என்று நாடாளுமன்றப் படை அவற்றைச் சிதைத்தது.

ராக்லன் கோட்டையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1646 ஆகஸ்டில் சரணடைந்தது. அங்கே அகழி நடுவில் ஆறு பக்கமுள்ள ஒரு தனிக் கோபுரம். மேலிருந்து கடப்பாரை போட்டுப் பார்த்தார்கள், சுவர் அசையவில்லை. பிறகு அடியில் குடைந்து மரத்தால் முட்டுக்கொடுத்து, முட்டுக்குத் தீ வைத்தார்கள். ஆறு பக்கத்தில் இரண்டு பக்கம் சரிந்தது. மீதி நான்கு இன்றும் நிற்கிறது. வெட்டிய பழம் போல உள்ளே எல்லா மாடியும் தெரியும்.

அதே ஆண்டு குட்ரிச் கோட்டையை உடைக்க, கர்னல் ஜான் பர்ச் ஒரு பெரிய குண்டெறி பீரங்கியை இந்தப் பக்கத்திலேயே வார்க்கச் சொன்னார். 'ரோரிங் மெக்' என்று பெயர். குட்டையாக, உரல் மாதிரி இருக்கும். அது இப்போது எந்தக் கோட்டையைத் தகர்த்ததோ அந்தக் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது.

"ரெண்டே நாள் லீவு. எதெல்லாம் பார்க்கலாம்?"

ஒரு நாளைக்கு இரண்டு கோட்டை. அதற்கு மேல் போனால் எல்லாச் சுவரும் ஒன்றாகத் தெரியும். ஐந்து கோட்டையை ஒரே நாளில் முடித்தோம் என்று வந்து சொன்னவர்களிடம் எது பிடித்தது என்று கேட்டேன். பெயர் ஞாபகமில்லை.

முதல் நாள் தெற்கே: காலையில் செப்ஸ்டோ, மதியம் ராக்லன். வழியில் டின்டர்ன் மடாலயம் வரும், 1131-இல் தொடங்கியது, ஆற்றோரம் கூரையில்லாமல் நிற்கும். காரை நிறுத்தி அரை மணி நேரம் பாருங்கள். இரண்டாம் நாள் வடக்கே: ஸ்டோக்ஸே, லட்லோ. ஸ்டோக்ஸே உண்மையில் ஒரு பணக்காரக் கம்பளி வியாபாரியின் வீடு. லாரன்ஸ் ஆஃப் லட்லோ என்பவர் கட்டியது. அதைக் கோட்டை போல அரணாக்கிக்கொள்ள 1291-இல் எட்வர்ட் அரசரிடம் அனுமதி வாங்கினார். உள்நாட்டுப் போரில் சண்டையின்றிச் சரணடைந்ததால் தப்பித்தது. கூரையோடு நிற்கிறது. பெரிய கூடத்தின் நடுவில் கணப்பு, புகைபோக்கி கிடையாது, புகை கூரை வழியே போயிருக்கிறது.

லட்லோவுக்கு ஒரு அரை நாள் முழுசாகக் கொடுங்கள். வேல்ஸை ஆண்ட மன்றம் அங்கேதான் இருந்தது. எட்டாம் ஹென்றியின் அண்ணன் ஆர்தர், கல்யாணமான சில மாதத்தில், 15 வயதில், 1502 ஏப்ரலில் அங்கே இறந்தார். அவர் இருந்திருந்தால் தம்பி அரசராகியிருக்க மாட்டார். அவர் தங்கியிருந்த அறையின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. முற்றத்தில் வட்டமாக ஒரு தேவாலயம் இருக்கும். அதன் உள்சுவரைச் சுற்றியுள்ள வளைவுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

"கார் இல்லாம போக முடியுமா?"

சிலதுக்கு முடியும். நியூபோர்ட்டிலிருந்து அபெர்கவென்னி, ஹியர்ஃபோர்ட், லட்லோ, கிரேவன் ஆர்ம்ஸ் வழியாக ஷ்ரூஸ்பரிக்கு ரயில் ஓடுகிறது. லட்லோ கோட்டை ஸ்டேஷனிலிருந்து பொடிநடைதான். ஸ்டோக்ஸேக்குக் கிரேவன் ஆர்ம்ஸில் இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டும். ஆக, மேலே சொன்ன இரண்டாம் நாள் முழுவதையும் ரயிலிலேயே முடிக்கலாம். செப்ஸ்டோ வேறு பாதை. குளோஸ்டர்–நியூபோர்ட் ரயிலில் வரும். ஊருக்கு நடுவிலேயே கோட்டை.

ராக்லன், குட்ரிச், ஒயிட் காசில் இவற்றுக்குக் கார் இருந்தால் நிம்மதி. பஸ் உண்டு என்று வரைபடம் காட்டும் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை அது வருமா என்று முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள். நடக்கப் பிடிக்கும் என்றால் இன்னொரு வழி: கிராஸ்மன்ட், ஸ்கென்ஃப்ரித், ஒயிட் காசில் என்ற மூன்று கோட்டைகளையும் இணைத்து 19 மைல் வட்டப்பாதை ஒன்று உண்டு. ஒரே நாளில் முடிப்பது கடினம், இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

"கார்ல வந்தா ரோடு எப்படி? நான் லண்டன்லயே ஓட்டுறேன்."

லண்டன் நெரிசல் வேறு, இது வேறு. ஒயிட் காசில் போகும் வழி ஒரே ஒரு கார் அகலம்தான். இரண்டு பக்கமும் தலைக்கு மேலே வேலி. எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். ஒதுங்க இடம் விட்டிருப்பார்கள். அது யாருக்குப் பக்கமோ அவர்தான் பின்னால் போவது வழக்கம். முதல் தடவை நான் கால் மைல் பின்னாலேயே ஓட்டிப் போனேன், கை நடுங்கிவிட்டது. பின்னால் ஓட்டிப் பழகிக்கொண்டு வாருங்கள். வழிவிட்டவருக்குக் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், அது மரியாதை.

இன்னொன்று. 2023 செப்டம்பரிலிருந்து வேல்ஸில் தெருவிளக்கு உள்ள ஊர்ச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 20 மைல். இங்கிலாந்தில் 30. இங்கே எல்லையை ஒரே பயணத்தில் நான்கு தடவை தாண்டுவீர்கள். பலகையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள்.

"டிக்கெட் எவ்வளவு? ஒரே பாஸ் எடுத்தா எல்லாத்துக்கும் போதுமா?"

பெரிய கோட்டைகளில் ஆளுக்குப் பத்துப் பவுண்டுக்கு முன்பின் ஆகும். வருடா வருடம் மாறுகிறது. ஒரே பாஸ் கிடையாது, ஏனென்றால் சொந்தக்காரர்கள் வேறு வேறு. செப்ஸ்டோ, ராக்லன், ஒயிட் காசில் எல்லாம் வேல்ஸ் அரசின் 'காடு' (Cadw) என்ற தொல்சின்ன அமைப்பிடம். குட்ரிச், ஸ்டோக்ஸே இங்கிலாந்தின் பழைய சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அறக்கட்டளையிடம். பவிஸ், சர்க் கோட்டைகள் இரண்டும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம். லட்லோ தனியார், எந்த உறுப்பினர் அட்டையும் அங்கே செல்லாது. ஹே-ஆன்-வை கோட்டைக்கு ஒரு தனி அறக்கட்டளை, 2022-இல்தான் திறந்தார்கள்.

பிரிட்டனில் வசிப்பவர் என்றால் இங்கிலிஷ் ஹெரிடேஜ் உறுப்பினராகிவிடுங்கள். முதல் வருடம் 'காடு' அமைப்பின் கோட்டைகளில் பாதிக் கட்டணம், புதுப்பித்த பிறகு இலவசம். ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு 9 நாள், 16 நாள் வெளிநாட்டுப் பயணி பாஸ் இங்கிலிஷ் ஹெரிடேஜில் உண்டு. இரண்டு கோட்டைக்காக அதை வாங்க வேண்டாம். ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரி வேறு இடமும் போவதென்றால் லாபம்.

காசே இல்லாமலும் பார்க்கலாம். கிராஸ்மன்ட், ஸ்கென்ஃப்ரித், மான்ட்கோமரி, க்ளன், லாங்டவுன், விக்மோர் எல்லாம் இலவசம். இதில் விக்மோரைத் தவறவிடாதீர்கள். மார்டிமர் குடும்பத்தின் தலைமைக் கோட்டை. இரண்டாம் எட்வர்டை 1327-இல் அரியணையிலிருந்து இறக்கிய ரோஜர் மார்டிமர் இந்த வீட்டுப் பிள்ளை. 1990-களில் பழுதுபார்த்தபோது செடி கொடிகளைச் சுத்தமாக வழித்தெடுக்காமல், சுவர் உச்சியில் மண்ணும் புல்லும் வைத்து மூடி, பாழடைந்த நிலையிலேயே விட்டார்கள். வாயில் வளைவு கழுத்தளவு மண்ணில் புதைந்திருக்கும். குதிரையில் நிமிர்ந்து போன வாயிலில் நாம் குனிந்து போக வேண்டும். எத்தனை தடவை போனாலும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன்.

"எந்த மாசம் வர்றது நல்லது?"

மே, ஜூன், செப்டம்பர். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். குளிர்காலத்தில் சில கோட்டைகள் வார இறுதியில் மட்டும் திறக்கும், நான்கு மணிக்கே மூடும். எந்த மாதமானாலும் மழைக்கோட்டும் பிடிமானமுள்ள ஷூவும் வேண்டும்.

"அம்மாவுக்கு முட்டிவலி. அவங்கள எந்தக் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போகலாம்?"

லட்லோ, ராக்லன், ஸ்டோக்ஸே. மூன்றிலும் படியேறாமலே நிறையப் பார்க்கலாம். லட்லோ முற்றம் பரந்த புல்வெளி, உட்கார பெஞ்ச் உண்டு, வாசலைத் தாண்டினால் சந்தைத் திடலும் டீக்கடைகளும். செப்ஸ்டோ நீளமாக, மேட்டில் ஏறிக்கொண்டே போகும். முதல் முற்றத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், மேலே சொன்ன பழைய கதவும் அங்கே பக்கம்தான்.

சுழற்படிகளில் பெரியவர்களை ஏற்றாதீர்கள். படி உள்பக்கம் விரலகலம், கல் தேய்ந்து குழிந்திருக்கும், பிடித்துக்கொள்ளப் பெரும்பாலும் ஒரு கயிறுதான். ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். புடவை கட்டியவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். என் அம்மா ராக்லனில் கீழே பெஞ்சில் உட்கார்ந்து அகழித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது, "ரொம்ப நேரம் ஆகலையேப்பா, இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்" என்றார்.

"சின்னப் பசங்களுக்கு போரடிக்குமா?"

குட்ரிச் கூட்டிப்போங்கள். பாறையையே வெட்டிய அகழி, அதன்மேல் பாலம், இருட்டு வாயில், மேலே ஏறினால் ஆறு தெரியும். கழிப்பறை தேடும் விளையாட்டும் இருக்கிறது. கையை மட்டும் விடாதீர்கள். சில இடங்களில் தடுப்பு முழங்கால் உயரம்தான்.

"சாப்பாடு, பாத்ரூம் வசதி?"

டிக்கெட் உள்ள பெரிய இடங்களில் கழிப்பறை இருக்கும். இலவசக் கோட்டைகளில் எதுவும் கிடையாது, தண்ணீர்கூட இல்லை. புளிசாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு வாருங்கள். புல்லில் உட்கார்ந்து சாப்பிடலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். குப்பையைத் திரும்ப எடுத்துப்போக வேண்டும், அங்கே தொட்டி இருக்காது.

"மேப்ல 'காசில்'னு போட்டிருக்கு, போனா வயல்ல வெறும் மண்மேடு. ஏறலாமா?"

அந்த மண்மேடுதான் கோட்டை. முதலில் மண்ணைக் குவித்தார்கள் என்று சொன்னேனே, கல்லாக மாறாமல் நின்றுபோனவை இவை. இந்தப் பக்கம் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆனால் பல மேடுகள் விவசாயிகளின் சொந்த நிலம். இங்கே எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற உரிமை கிடையாது. மஞ்சள் அம்பு போட்ட பொதுப் பாதை அந்த வழியாகப் போனால் பாதையில் மட்டும் நடக்கலாம். அம்பு இல்லையென்றால் பண்ணை வீட்டில் கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும் சரி என்றார்கள், ஒருவர் கூடவே வந்து சுற்றிக் காட்டினார். திறந்த கேட்டைத் திறந்தபடி, மூடிய கேட்டை மூடியபடி விட வேண்டும். கன்றோடு நிற்கும் மாட்டுக்கு அருகில் போக வேண்டாம்.

"ஞாபகத்துக்கு ஒரு சின்னக் கல்லு எடுத்துக்கிட்டா தப்பா? டிரோன் விடலாமா?"

தப்புதான். வருடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், ஆளுக்கொரு கல் என்றால் என்ன மிஞ்சும்? இவை பெரும்பாலும் சட்டப்படி காக்கப்பட்ட சின்னங்கள். உலோகம் தேடும் கருவியை அனுமதியில்லாமல் அங்கே பயன்படுத்துவதே குற்றம். டிரோனுக்கும் முன்அனுமதி வேண்டும். கேமராவில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"எல்லாம் நார்மன்காரங்க, இங்கிலீஷ்காரங்க கட்டினதா? வேல்ஸ்காரங்க கோட்டையே கட்டலையா?"

கட்டினார்கள். மான்ட்கோமரிக்குச் சற்றுத் தள்ளி டால்ஃபோர்வின் என்ற குன்றுக்கோட்டை இருக்கிறது. 1267-இல் மான்ட்கோமரி உடன்படிக்கையில் லூவெலின் ஆப் கிரிஃபித்தை வேல்ஸின் இளவரசர் என்று இங்கிலாந்தே ஏற்றுக்கொண்டது. அந்தத் துணிவில் 1273-இல் அரசரின் மான்ட்கோமரிக் கோட்டைக்கு எதிர்முகமாக அவர் இதை எழுப்பினார். கட்டக்கூடாது என்று ஆணை போனது, அவர் கேட்கவில்லை. 1277-இல் ரோஜர் மார்டிமர் படை முற்றுகையிட்டது. கோட்டைக்குள் கிணறு இல்லை. தண்ணீர் தீர்ந்து சரணடைந்தார்கள். விக்மோரில் சொன்ன அதே மார்டிமர் குடும்பம்தான், இவர் அந்த ரோஜருக்குத் தாத்தா. செங்குத்தாக ஏற வேண்டும், ஆளே இருக்காது. மேலே செவெர்ன் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும்.

"பவிஸ் கோட்டைல திப்பு சுல்தான் சாமானெல்லாம் இருக்காமே, நிஜமா?"

நிஜம். வெல்ஷ்பூல் ஊரில் உள்ள பவிஸ் கோட்டையில் கிளைவ் அருங்காட்சியகம் என்று ஒரு பகுதி. இந்தியாவிலிருந்து வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள். திப்புவின் பூப்போட்ட பருத்திக் கூடாரம், அவர் சிம்மாசனத்திலிருந்து பெயர்த்தெடுத்த தங்கப் புலித்தலை, பல்லக்கு, வாள்கள். 1751-இல் ஆற்காட்டைப் பிடித்த ராபர்ட் கிளைவ் இந்த ஷ்ராப்ஷயர்க்காரர். அவர் மகன் எட்வர்ட் கிளைவ் பவிஸ் குடும்பத்துப் பெண் ஹென்ரியேட்டாவைக் கல்யாணம் செய்தார். 1798-இலிருந்து 1803 வரை அவர்தான் சென்னை ஆளுநர். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது 1799-இல். அந்த வெற்றிக்காக அவர் சென்னையில் கட்டிய மண்டபம்தான் இன்றைய ராஜாஜி ஹால்.

கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர். இரண்டும் இவர் ஆளுநராக இருந்த காலம். அதே 1801-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். நான் திருப்பத்தூர் பக்கத்துக்காரன். ராக்லன் கோபுரத்தை இனி யாரும் ஒளியக்கூடாது என்று சரித்தார்கள் என்று எழுதினேனே, அதைப் படிக்கும்போதெல்லாம் பாஞ்சாலங்குறிச்சி ஞாபகம் வரும். லட்லோ கோட்டையையும் 1811-இல் அரசிடமிருந்து விலைக்கு வாங்கியவர் இதே எட்வர்ட் கிளைவ்தான். இன்றும் அது பவிஸ் குடும்பத்துச் சொத்து.

போகலாமா வேண்டாமா என்று கேட்கிறார்கள். போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். பெயர்ப்பலகையை மட்டும் படித்துவிட்டு நகராமல், அந்தப் பொருள் யாரிடமிருந்து எப்படி இங்கே வந்தது என்று அவர்களுக்கு நீங்கள் சொல்லுங்கள். முதல் தடவை அந்தப் புலித்தலை முன்னால் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

"அங்க உள்ளவங்ககிட்ட நீங்க வெல்ஷா, இங்கிலீஷான்னு கேட்டா தப்பா எடுத்துப்பாங்களா?"

மரியாதையாகக் கேட்டால் நன்றாகப் பேசுவார்கள். மன்மத்ஷயரில் கேட்டால் கொஞ்சம் நீளமான பதில் வரும். பல காலம் சட்டங்களில் 'வேல்ஸும் மன்மத்ஷயரும்' என்றே எழுதி அதைத் தொங்கலில் விட்டிருந்தார்கள். 1974-இல்தான் சந்தேகமில்லாமல் வேல்ஸ் என்று ஆனது. வேல்ஸில் நின்றுகொண்டு "இங்கிலாந்து ரொம்ப அழகா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

"அவ்வளவு தூரம் போய் கோட்டை பூட்டியிருந்தா என்ன பண்றது?"

நடக்கும். காற்று பலமாக வீசினால் மூடிவிடுவார்கள். கல் விழும் அபாயம் என்று ஒரு கோபுரத்தை மட்டும் மாதக்கணக்கில் அடைத்து வைப்பதும் உண்டு. கிளம்பும் காலையில் அந்தந்தக் கோட்டையின் இணையப் பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். அப்படியும் பூட்டியிருந்தால், வெளியே மதிலைச் சுற்றி ஒரு நடை போங்கள். செப்ஸ்டோவில் பழைய இரும்புப் பாலத்தின் மேல் நின்று பார்ப்பதுதான் எப்படியும் அந்தக் கோட்டையின் சிறந்த காட்சி. ஓதம் ஏறும் நேரமாகப் பார்த்துப் போனால், சேறாகக் கிடந்த ஆறு கண்ணெதிரே பாறையடி வரை பொங்கி வருவதைப் பார்க்கலாம். அந்தத் தண்ணீரில்தான் படகில் சாமான் வந்து, பாறை மேலிருந்து கயிறு விட்டுக் கோட்டைக்குள் தூக்கினார்கள். தூக்கிய திறப்பு இன்னும் அங்கே தெரியும்.